5672-ஐ மூடிய கதை: ராபிட்எம்க்யூ, ஒன்றரை வருட உபயோகத்துக்குப் பிறகு

ராபிட்எம்க்யூ என்பது கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் மெசேஜை வாங்கி வைத்திருந்து கொடுக்கும் மென்பொருள், தலைப்பில் உள்ள 5672 அதன் வாசல்களில் ஒன்றின் நம்பர். அதற்கு என் மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இத்தனை நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் இங்கேயே கிளம்பலாம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். விசிட்டிங் கார்டில் ‘ஐடி ஹெட்’ என்று இருக்கும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னோடு ஒரு தம்பி, புரோகிராம் எழுதுகிறவன். மெயின் லேப் இங்கே இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையம், அன்னூர், சூலூர் என்று சுற்றிலும் பதினொரு கலெக்‌ஷன் செண்டர்.

செண்டரில் ரத்தம் எடுத்ததும் அந்தப் பதிவு ஒரு மெசேஜாக மெயின் லேபுக்குக் கிளம்பும். இங்கே மெஷின் ரிசல்ட் போட்டதும் இன்னொரு மெசேஜ் செண்டருக்குத் திரும்பும். நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் க்யூ. லைன் போனாலும், எதிர்முனை பிசி அணைந்திருந்தாலும், மெசேஜை வாங்கி வைத்திருந்து ஆள் வந்ததும் கொடுக்கும். நாம் வெளியே போயிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கொரியரை வாங்கி வைக்கிற மாதிரி.

பிரச்சினை அந்தக் கவருக்குள் இருப்பது. பெயர், வயசு, போன் நம்பர், அதற்குக் கீழே ஹெச்ஐவி, கர்ப்பம், சர்க்கரை. உடுமலையில் ஒரு பெண்ணின் கர்ப்ப ரிசல்ட் யாருக்கு எப்போது தெரியணும் என்பது அவள் முடிவு. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தகுந்த பாதுகாப்பு வைக்காமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றதும் எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏங்கண்ணு, நம்மகிட்ட எல்லாம் பூட்டித்தான இருக்குது?” என்று கேட்டார். “பாத்துச் சொல்றனுங்க” என்றேன். பார்த்தேன். பூட்டியில்லை.

அப்போது எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த க்யூ மென்பொருள் எம்எஸ்எம்க்யூ. மைக்ரோசாஃப்ட் 1997-ல், விண்டோஸ் என்டி 4 காலத்தில் கொண்டுவந்தது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஒரு டிக் போட்டால் போதும், தனியாகக் காசு இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவைத்துவிட்டுப் போனார், அதுபாட்டுக்கு ஓடியது. ஒரு நாள் சாயங்காலம், நெட்வொர்க்கில் போவதை எட்டிப் பார்க்கும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, எம்எஸ்எம்க்யூவின் 1801 போர்ட்டை (மெஷினின் நம்பர் போட்ட வாசல்) பார்த்தேன். மேட்டுப்பாளையத்து ஆள் ஒருவரின் ஹீமோகுளோபின் எக்ஸ்எம்எல்லில், தமிழில் சொன்னால் பச்சையாக, என் ஸ்க்ரீனில் ஓடியது.

எம்எஸ்எம்க்யூவில் மெசேஜைப் பூட்ட, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி என்க்ரிப்ஷன் செய்ய, ஒரு ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. க்யூ மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், ஜெனரல் டேப். அங்கே ‘ப்ரைவசி லெவல்’ என்று ஒரு பெட்டி, அதில் மூன்று தேர்வு: நன், ஆப்ஷனல், பாடி. நன் என்றால் பூட்டாத மெசேஜை மட்டும் வாங்கும். பாடி என்றால் பூட்டி வந்ததை மட்டும் வாங்கும். ஆப்ஷனல் என்றால் எது வந்தாலும் சரி. எடுத்த எடுப்பில் இருப்பது ஆப்ஷனல். டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் புரோகிராம் எழுதும் தளம்) கோடில் இதே ப்ராப்பர்ட்டிக்கு ‘என்க்ரிப்ஷன் ரிக்வயர்டு’ என்று பெயர். ரிக்வயர்டு என்று பெயர் வைத்துவிட்டு, அதற்குள் ஆப்ஷனல் என்று ஒரு மதிப்பு. கல்யாணப் பத்திரிகையில் ‘அவசியம் வரவும், வராவிட்டாலும் பரவாயில்லை’ என்று அச்சடித்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை காலையில், மானுவலை முழுசாகப் படிக்காமல், அதை பாடிக்கு மாற்றினேன். தப்பு என்னுடையதுதான், அந்த மென்பொருள் சொன்னதைச் செய்தது. பதினோரு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து போன். “அக்கா, காலைல அனுப்பின பதினேழு சாம்பிளும் உங்க ஸ்க்ரீன்ல தெரியுதுங்களா?” தெரியவில்லை. அவர்கள் பக்கம் எந்த எர்ரரும் இல்லை, ‘அனுப்பியாச்சு’ என்று பச்சை டிக். போகிற க்யூவிலும் எதுவும் தேங்கி நிற்கவில்லை. பதினேழும் இங்கே வந்து, பூட்டில்லை என்று திருப்பப்பட்டு, திரும்பிப் போக ஒரு இடம் சொல்லப்படாததால் அப்படியே ஆவியாகிவிட்டன. அனுப்பும் புரோகிராம் ‘டெலிவரி ஆகாவிட்டால் டெட் லெட்டர் க்யூவில் போடு’ என்று கேட்டிருந்தால் அங்கேயாவது கிடைத்திருக்கும். எங்கள் புரோகிராம் கேட்கவில்லை. ட்யூப் எல்லாம் பத்திரமாக இருந்ததால் ஸ்டிக்கரைப் பார்த்து மறுபடி பதிந்தோம். ஒரு நாள் போச்சு, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் முழுசாகப் படித்தேன். அந்த என்க்ரிப்ஷன் வேலை செய்ய, வாங்குகிற மெஷினின் பப்ளிக் சாவியை (பூட்டுவதற்கு எல்லாருக்கும் கொடுக்கிற சாவி) ஆக்டிவ் டைரக்டரி என்ற மைக்ரோசாஃப்டின் மையப் பதிவேட்டிலிருந்து எடுக்கணும். எங்கள் செண்டர் பிசிகள் எதுவும் டொமைனில், அதாவது அந்தப் பதிவேட்டில், இல்லை. ஆக நான் கட்டாயமாக்கினது அவர்களால் செய்யவே முடியாத ஒன்றை. செய்ய முடிந்திருந்தாலும் பூட்டு கவருக்குள் இருக்கும் பாடிக்கு மட்டும்தான். கவர் மேல் எழுதுகிற லேபிள் திறந்தே போகும். எங்கள் ஆள் லேபிளில் என்ன போட்டுவைத்திருந்தார் தெரியுமா? நோயாளியின் பெயர், டெஸ்ட்டின் பெயர். தேடச் சுலபமாக இருக்குமாம். போதாததற்கு வந்து சேர்ந்ததும் அதுவே பூட்டைத் திறந்துதான் வைத்துக்கொள்ளும், வட்டில் (ஹார்டு டிஸ்கில்) கிடப்பது திறந்த மெசேஜ்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த க்யூ மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி. என்க்ரிப்ஷன் வசதி இருக்கா என்று கேட்பதில்லை, இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. பூட்டாமல் ஒருத்தன் வந்தால் நீ என்ன செய்வாய்? வாங்கிக்கொள்வாயா, சத்தமில்லாமல் குப்பையில் போடுவாயா, வாசலிலேயே நிறுத்தி அவனுக்கு உறைக்கிற மாதிரி சொல்வாயா?

எம்எஸ்எம்க்யூவைக் கைவிட இன்னொரு காரணமும் இருந்தது. டாட்நெட்டின் புது வடிவமான டாட்நெட் கோர் வந்தபோது, எம்எஸ்எம்க்யூவை இயக்கும் சிஸ்டம் டாட் மெசேஜிங் என்ற பகுதி அதோடு வரவில்லை. தம்பி புது வெர்ஷனில் எழுத ஆசைப்பட்டான். எத்தனை நாளைக்கு அவனைப் பழைய வீட்டிலேயே குடிவைப்பது.

ராபிட்எம்க்யூவைத் தேர்ந்தெடுத்தோம். 2007-ல் லண்டனில் தொடங்கியது, கைமாறிக் கைமாறி விஎம்வேர் வழியாக இப்போது பிராட்காமிடம் இருக்கிறது. எர்லாங்கில் எழுதியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சனில் பிறந்த மொழி அது. லைசென்ஸ் இலவசம். உபுண்டு சர்வரில் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

போட்டு முடித்ததும் ஓடும், அதுதான் எனக்கு வருத்தம். எந்த என்க்ரிப்ஷனும் இல்லாமல், 5672 போர்ட்டில், மெஷினின் எல்லா நெட்வொர்க் முகத்திலும் காது கொடுத்துக்கொண்டு ஓடும். ‘கெஸ்ட்’ என்ற ரெடிமேட் யூசரை மட்டும் அதே மெஷினுக்குள்ளிருந்துதான் நுழையவிடும். 2014-ல், 3.3 வெர்ஷனில் செய்த நல்ல காரியம் அது. அதே கண்டிப்பை வாசல் கதவுக்கும் காட்டியிருக்கலாம். அரை நட்சத்திரம் இங்கே போச்சு.

எம்எஸ்எம்க்யூ போல ‘இந்த க்யூவுக்கு என்க்ரிப்ஷன் கட்டாயம்’ என்று ஒவ்வொரு க்யூவாகச் சொல்லும் வசதி ராபிட்டில் கிடையாது. முதலில் குறையாகத்தான் தெரிந்தது. இதில் பூட்டு மெசேஜின் மேல் இல்லை, வருகிற வழி முழுக்க டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ் வெப்சைட்டுகளில் இருக்கிற அதே பூட்டு). டிஎல்எஸ்ஸுக்கு 5671 என்று தனி வாசல். கட்டாயமாக்கணும் என்றால் பழைய வாசலைச் சுவர் வைத்து அடைக்கணும். கான்ஃபிக் ஃபைலில் ‘லிசனர்ஸ் டாட் டிசிபி’ என்று ஒரு வரி எழுதி, அதற்கு மதிப்பாக ‘நன்’ கொடுத்தால் 5672 மூடிக்கொள்ளும். இந்த ஒரு வரிக்காகவே இதை நான் சிபாரிசு செய்வேன். டிஎல்எஸ்ஸை ஆன் செய்வது எப்படி என்று சொல்கிற வீடியோக்கள் நிறைய உண்டு. நான் பார்த்த பலவற்றில் இந்த வரி கிடையாது. புது வாசலைத் திறந்து மாலை போட்டுவிட்டு, பழைய வாசலை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

டிஎல்எஸ் வழி என்பதால் பாடி மட்டும் மறைந்து லேபிள் தெரிகிற கதை இல்லை. ஹெடர், ரூட்டிங் கீ, பாஸ்வேர்டு எல்லாமே உள்ளே போய்விடும். லேபிளில் பெயர் போடுகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதுதான் தோது. (லேபிளிலிருந்து பெயரை எடுக்கவும் சொல்லிவிட்டேன், அது வேறு.)

மூடியபின் சோதித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். செண்டர் புரோகிராமை வேண்டுமென்றே பழைய செட்டிங்கோடு ஓடவிட்டேன். 5672-க்குப் போனால் கனெக்‌ஷனே இல்லை. 5671-க்குப் பூட்டில்லாமல் போனால் ஹேண்ட்ஷேக்கிலேயே, அதாவது முதல் அறிமுகப் பேச்சிலேயே, அறுந்தது. இரண்டு முறையும் புரோகிராமில் சிவப்பாக எர்ரர் வந்தது, மெசேஜ் செண்டர் பிசியிலேயே பத்திரமாக நின்றது. பொள்ளாச்சிப் பதினேழை நினைத்துக்கொண்டேன். வாசலிலேயே நிறுத்திச் சொல்கிற ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் ஒன்று, உள்ளே வந்த பிறகு மெசேஜ் சேர்ந்ததா என்று தெரிய ‘பப்ளிஷர் கன்ஃபர்ம்’ போட்டே ஆகணும். அது என்க்ரிப்ஷன் சமாச்சாரம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அடுத்து, வருகிற ஆள் யார் என்று பார்ப்பது. இதற்கு இரண்டு வரி. ஒன்று, எதிராளியின் சர்டிபிகேட்டை (அவன் யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை) சரிபார் என்பது. இன்னொன்று, சர்டிபிகேட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பு என்பது. முதல் வரியை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? சர்டிபிகேட் காட்டினால் சரிபார்க்கும், காட்டாவிட்டால் சும்மா உள்ளே விடும். எம்எஸ்எம்க்யூவின் ஆப்ஷனல் இங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. இரண்டையும் எழுதுங்கள். நான் முதல் மாதம் ஒன்றை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாவதைப் போட்ட அன்றைக்கு இன்னொரு கூத்து. வீட்டிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, சர்டிபிகேட் இல்லாமல், டிஎல்எஸ்ஸைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கமாண்டில் தட்டிப் பார்த்தேன். ‘கனெக்டட்’ என்றது. அரை மணி நேரம் கான்ஃபிக்கைப் புரட்டினேன், தப்பு எதுவும் இல்லை. கடைசியில் தெரிந்தது, டிஎல்எஸ் 1.3-ல் கிளையண்ட் தன் பக்கத்து ஹேண்ட்ஷேக்கை முடித்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்லிவிடும், சர்வரின் மறுப்பு அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். கொஞ்சம் பொறுத்திருந்து அடுத்த வரியைப் படித்தால் ‘சர்டிபிகேட் வேண்டும்’ என்ற அலர்ட் நின்றது. முதல் வரியைப் பார்த்துவிட்டு முடிவு கட்டினது என் அவசரம்.

ஒவ்வொரு செண்டருக்கும் தனி சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேன். ராபிட் ஆட்களே வைத்திருக்கும் டிஎல்எஸ்-ஜென் என்ற கருவியால் எங்களுக்கென்று ஒரு சொந்த சிஏ (சர்டிபிகேட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இடம்) உண்டாக்கினேன். அதோடு, சர்டிபிகேட்டில் உள்ள பெயரையே யூசர் பெயராக எடுத்துக்கொள்ளும் ஒரு பிளக்இன் இருக்கிறது. அதைப் போட்டதும் பாஸ்வேர்டு தொல்லை ஒழிந்தது. அன்னூர் லேப்டாப் திருடு போனால் ‘அன்னூர்’ என்ற யூசரை அழித்தால் போதும், மற்ற பத்து பேருக்கு ஒன்றும் ஆகாது. செண்டர் பெண்களுக்கும் நிம்மதி, மானிட்டரில் பாஸ்வேர்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை மிச்சம்.

கிளையண்ட் பக்கம் கொஞ்சம் கண்கொத்திப் பாம்பாக இருக்கணும். டாட்நெட் லைப்ரரியில் சர்வர் பெயரைச் சரியாகக் கொடுக்கணும், அது சர்டிபிகேட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகணும். ஒத்துப்போகாவிட்டால் எர்ரர். அந்த எர்ரரை மன்னித்துவிடு என்று சொல்லவும் ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு. டெஸ்ட் பண்ணும்போது தம்பி எல்லா எர்ரரையும் மன்னிக்கச் சொல்லியிருந்தான், அதை எடுக்க மறந்துவிட்டான். நாலு மாதம் கழித்துக் கண்ணில் பட்டது. “ஓடுச்சுங்களே அக்கா” என்றான். ஓடத்தான் செய்யும். ‘நான்தான் சர்வர்’ என்று யார் சொல்லிக்கொண்டு நின்றாலும் கவரைக் கொடுத்துவிட்டு வரும் பையன் ஓடத்தானே செய்வான். ஜாவாக்காரர்களுக்கும் இதே குழி இருக்கிறது. அந்த லைப்ரரியில் எஸ்எஸ்எல்லை (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) ஆன் செய்கிற சுலபமான மெத்தடை எதுவும் கொடுக்காமல் வெறுமனே கூப்பிட்டால் எந்த சர்டிபிகேட்டையும் நம்பிவிடும். லாகில் ஒரு எச்சரிக்கை வரும். லாகை யார் படிக்கிறார்கள்.

லாக் என்றதும் ஞாபகம் வருகிறது. ராபிட்டின் டிஎல்எஸ் லாக் படிக்கிற மனுசிக்காக எழுதியதில்லை. ‘அன்சப்போர்ட்டட் ரெக்கார்ட் டைப் 65’ என்று ஒரு வரி வரும், எந்த செண்டரிலிருந்து என்று அந்த வரியில் இருக்காது. 65 என்றால் என்ன? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆஸ்கி அட்டவணையில் 65 என்பது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து. ராபிட்டோடு புரோகிராம்கள் பேசும் மொழியான ஏஎம்க்யூபி என்ற நாலெழுத்தின் முதல் எழுத்து. பூட்டாத கிளையண்ட் வந்து கதவைத் தட்டும்போது முதலில் சொல்வது அந்தப் பெயரைத்தான். ஆக 65 என்று கண்டால், யாரோ ஒரு செண்டரில் பழைய செட்டிங்கோடு புரோகிராம் ஓடுகிறது என்று அர்த்தம். 71 என்று வந்தால் ‘ஜி’, அதாவது ப்ரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது முதலில் சொல்லும் ‘கெட்’டின் முதல் எழுத்து, யாரோ ப்ரவுசரில் அந்த முகவரியைத் திறந்து பார்க்கிறார்கள். இது தெரிந்த பிறகு எனக்கு லாக் படிப்பதே ஒரு குஷி. ஆனாலும் அரை நட்சத்திரம் கழித்தது கழித்ததுதான். இதைக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளர் வேலையா?

மேனேஜ்மென்ட் பக்கத்தை நான் மறந்தே போனேன், நீங்கள் மறக்காதீர்கள். ப்ரவுசரில் க்யூவைப் பார்க்கும் அந்தப் பக்கம் 15672-ல் வெறும் ஹெச்டிடிபியில் ஓடும். 5672-ஐ மூடினால் இது மூடாது, இதற்கு கான்ஃபிக்கில் தனி வரிகள், டிஎல்எஸ்ஸோடு வழக்கமாக 15671. மூன்று வாரம் அட்மின் பாஸ்வேர்டைப் பூட்டில்லாத வழியில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ‘கெட் மெசேஜஸ்’ என்ற பட்டனை அமுக்கினால் க்யூவில் நிற்கும் மெசேஜின் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். ஹெச்ஐவி ரிசல்ட் உட்பட. வழியெல்லாம் பூட்டு போட்டுவிட்டு வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. அட்மின் உரிமையை இப்போது எனக்கும் தம்பிக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்க ‘ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் லிசனர்ஸ்’ என்று ஒரு கமாண்ட் உண்டு. எதையாவது மாற்றினால் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.

சர்டிபிகேட் முடிந்துபோன கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். சர்வர் சர்டிபிகேட்டை ஒரு வருடத்துக்கு, ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு உட்கார்ந்து உண்டாக்கியிருந்தேன். அடுத்த வருடம் அதே நாள் அதே பதினொன்றே முக்காலுக்கு அது காலாவதி. அப்போது எதுவும் நடக்கவில்லை, ஏற்கனவே திறந்திருந்த கனெக்‌ஷன்கள் அப்படியே ஓடின. செண்டர்களில் ராத்திரி பிசியை அணைத்துவிட்டுப் போவார்கள். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வரிசையில் ஆட்கள் நிற்கும்போது பிசியைப் போடுகிறார்கள், புது ஹேண்ட்ஷேக், பதினொரு செண்டரும் ஒரே நேரத்தில் சிவப்பு. என் போன் அலறி நின்று மறுபடி அலறியது. ரத்தம் எடுப்பது நிற்கவில்லை, மெசேஜ் தேங்கினது, எட்டே காலுக்குள் புது சர்டிபிகேட் போட்டுச் சரிசெய்தேன். எர்லாங் பழைய ஃபைலைக் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாமலேயே அந்த கேஷை ஒரு கமாண்டில் துடைக்கலாம் என்பது அன்றைக்குப் படித்த பாடம்.

இதில் ராபிட்டைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை நாளுக்குள் ஏதாவது சர்டிபிகேட் முடியப்போகிறதா என்று கேட்டால் பதில் சொல்லும் ஹெல்த் செக் அதன் ஏபிஐயில் முன்பே இருக்கிறது. கேட்காதது நான். இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் கேட்கிறது. இதற்கு மேலும் ஒரு ஏற்பாடு: சர்டிபிகேட் புதுப்பிக்கும் வேலையை ஆயுத பூஜை வாரத்தோடு கட்டிவிட்டேன். அன்றைக்கு எப்படியும் சர்வர் ரேக்கைத் துடைத்துப் பொட்டு வைக்கணும். ஆனால் ஆயுத பூஜை வருடத்துக்கு வருடம் நகரும், 365 நாள் போட்டால் சில வருடம் உதைக்கும். அதனால் 400 நாள் கொடுத்திருக்கிறேன், சொந்த சிஏ தானே.

எந்த டிஎல்எஸ் வெர்ஷனைக் கட்டாயமாக்குவது என்பதில் ஆசை ஒரு பக்கம், பிசி ஒரு பக்கம். 1.3 மட்டும் போதும் என்று எழுதத்தான் ஆசை. விண்டோஸில் ஓடும் டாட்நெட் புரோகிராம் அந்த விண்டோஸ் எதைத் தருகிறதோ அதைத்தான் பேசும். முறையான 1.3 ஆதரவு விண்டோஸ் 11-லிருந்துதான். எங்கள் செண்டர்களில் பாதிக்கு மேல் விண்டோஸ் 10, இரண்டில் இன்னும் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கும்பிடு போட்டுவிட்டது. ஆக 1.2, 1.3 இரண்டையும் அனுமதித்து, அதற்குக் கீழே எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

வேகம் பற்றிக் கேட்பார்கள். எங்கள் அளவுக்கு சிபியு அசையக்கூட இல்லை. பொள்ளாச்சி மட்டும் இழுத்தது, அங்கே டாங்கிளில் ஓடுகிறார்கள். பார்த்தால் எங்கள் புரோகிராம் ஒவ்வொரு மெசேஜுக்கும் புதுசாகக் கனெக்‌ஷன் திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் முழு ஹேண்ட்ஷேக். கனெக்‌ஷனைத் திறந்தே வைக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

வட்டில் கிடக்கும் மெசேஜை ராபிட் தானாகப் பூட்டாது. அடுத்த அரை நட்சத்திரம். அதன் டேட்டா ஃபோல்டர் இருக்கும் பார்ட்டிஷனை லினக்ஸின் டிஸ்க் பூட்டான லக்ஸ் கொண்டு நானே பூட்டினேன். விளைவு, கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் மறுபடி எழுந்தால் யாராவது போய் பாஸ்ஃப்ரேஸ் அடிக்கணும். தம்பி வீடு சிங்காநல்லூர், எனக்கு வடவள்ளி. இதுவரை இரண்டு தடவை, இரண்டும் அவன்தான் போனான். பல சர்வர்களை (நோடு) ஒன்றாகச் சேர்த்து க்ளஸ்டர் போடுகிறவர்கள், நோடுகள் தங்களுக்குள் பேசுவதற்கும் டிஎல்எஸ் தனியாகப் போடணும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே கேட்கும் எர்லாங் குக்கி ஆளை அடையாளம் காட்டத்தான், பேச்சை மறைக்க இல்லை. எங்களிடம் ஒரே நோடு, அதனால் நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் மூன்று வாரம் அமேசான் இன்டர்நெட் வழியாகத் தரும் க்யூவான எஸ்க்யூஎஸ்ஸும் ஓட்டிப் பார்த்தோம். நியாயமாகச் சொன்னால், என் ஒரே கேள்விக்கு மிகச் சுத்தமான பதில் அதில்தான். வட்டில் பூட்டு 2022 அக்டோபரிலிருந்து புது க்யூக்களுக்குத் தானாகவே உண்டு. வழியில் பூட்டு கட்டாயம் என்பதை ஒவ்வொரு க்யூவின் பாலிசியிலும் எழுதலாம், டிஎல்எஸ் இல்லாமல் வந்தால் மறுத்துவிடும். எம்எஸ்எம்க்யூ செய்ய நினைத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சொந்தச் சாவி வேண்டுமென்றால் அமேசானின் சாவிப் பெட்டகமான கேஎம்எஸ்ஸில் மாதம் ஒரு டாலர். ஆனால் பழைய லேபிள் பேய் இங்கேயும் உண்டு. வட்டில் பூட்டுவது பாடியை மட்டும், மெசேஜோடு ஒட்டி வரும் குறிப்பான ஆட்ரிப்யூட் அதில் சேராது. தம்பி போன் நம்பரை ஆட்ரிப்யூட்டில்தான் வைத்திருந்தான், மாற்றச் சொன்னேன். இன்னொன்று, ஏற்கனவே ஓடும் க்யூவில் பூட்டை ஆன் செய்தால் புதுசாக வருவதற்குத்தான் பூட்டு, முன்பே கிடப்பது அப்படியே கிடக்கும். நாங்கள் அதை எடுக்காததற்குக் காரணம் லேப் மெஷின்கள். இன்டர்நெட் போனாலும் அனலைசரும் லேப் சாஃப்ட்வேரும் உள்ளுக்குள் பேசிக்கொள்ளணும். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஃபைபர் அறுந்தால் ஒட்ட ஆள் வர சாயங்காலம் ஆகும். லேபுக்குள் ஒரு க்யூ இருந்தே ஆகணும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றால் எஸ்க்யூஎஸ்ஸைப் பாருங்கள், சர்டிபிகேட் கவலை மிச்சம்.

எல்லாம் முடிந்தபின் டாக்டரம்மாவிடம் காட்டினேன். வயர்ஷார்க்கில் இப்போது வெறும் குப்பை எழுத்துதான் ஓடுகிறது. நன்றாகப் பார்த்துவிட்டு, “சரி கண்ணு, அந்த ரிசப்ஷன் ட்ரேல ரிப்போர்ட்டெல்லாம் மல்லாக்க கிடக்குதே, அதுக்கு என்ன பண்றது?” என்றார். மறுநாளே கவர் வாங்கிப் போட்டோம். நூறு கவர் ஒரு கட்டு, அதற்குக் கான்ஃபிக் எதுவும் தேவைப்படவில்லை.

உடுமலையிலும் சூலூரிலும் இருக்கிற விண்டோஸ் 7 பெட்டிகளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றவையும் 11-க்குப் போனால் கான்ஃபிக்கில் 1.2 இருக்கும் வரியை அழித்துவிடலாம். தீபாவளி போனஸ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.